பிரிக்காமல் திருப்பிய கடிதம்

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், வியாழன்

பூ வியாபாரிகள் சங்கத் தலைவர் இறந்து இருபது நாள் ஆகிறது. துணைத் தலைவி நான். இன்று செயலாளர் என் கடைக்கே வந்து ஒரு கவரை நீட்டினார். மேலே என் பெயர், அதன் கீழே ‘பொறுப்புத் தலைவி’.

“மாத்தி எழுதிகினு வாங்க,” என்றேன்.

“இன்னாக்கா, எலெக்‌ஷன் வரைக்கும் பேருக்குக் குந்திகினு இருங்க. மலையடிவாரத்துக் கடைங்கள எடம் மாத்துற பேச்ச நகராட்சிகிட்ட நாங்க பாத்துக்கறோம்,” என்று சிரித்தார்.

தபாலில் பி.ஏ. வரலாறு படிப்பது வீண் போகவில்லை. அமெரிக்காவில் அதிபர் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனதால் அந்த இடத்துக்கு வந்த முதல் துணை அதிபரையும் ‘தற்காலிக அதிபர்’ என்றுதான் சொன்னார்கள். அப்படி முகவரியிட்டு வந்த கடிதங்களை அவர் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாராம்.

நானும் பிரிக்கவில்லை. செயலாளரின் சட்டைப் பையிலேயே கவரைச் செருகினேன். பக்கத்துக் கடைப் பெண்கள் தொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“சங்க விதியப் படிங்க. தலைவர் இல்லன்னா துணைத் தலைவிதான் தலைவி. நாளைக்கு நகராட்சியில நான்தான் பேசுவேன்.”

அந்த அமெரிக்கரைச் சொந்தக் கட்சியே நீக்கியது. என்னையும் நீக்கட்டும். அதுவரை மலையடிவாரத்திலிருந்து ஒரு கடையும் நகராது.