ஜனவரி முப்பதில் உன் பெயர் இல்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை, ஆனால் இருக்கிறாயா என்று கேட்டால் சூப்பரா இருக்கேன்மா என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாய், அதை நான் நம்பி ரொம்ப நாளாகிறது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். நான் முக்கியமாக ஏதாவது கேட்க வாயைத் திறந்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது, கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அதாவது மாடியில் துணி எடுத்து வரச் சொன்னால் வலிக்கிறது, சீட்டாடப் போக வலிப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் பொதுச் சுவரை ஒட்டி ஏதோ அலமாரி கட்டுகிறார். கட்டட்டும், ஆனால் அளவெடுக்கிற சாக்கில் நம் சமையலறை ஜன்னலை எதற்கு எட்டிப் பார்க்க வேண்டும்? திரை போட்டுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி முப்பது அன்று காலையிலேயே சலவைக் கடையைத் திறந்து, இஸ்திரி மெஷினில் தண்ணீர் ஊற்றி, ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். ‘இந்தத் தேதியில்’ நிகழ்ச்சியில் நம் ரேடியோக்காரர் அந்த நாளில் பாட்டு உலகத்தில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, நம்ம ஊர்ப் பொண்ணு பாடின பாட்டு நம்ம நேயர் விருப்ப வரிசையில முதல் இடத்துக்கு வந்ததும் இதே நாள்லதான் என்று உன் பெயரைச் சொல்வாரே, அதற்குத்தான். வருஷம் தவறாமல் சொன்னார், நானும் வருஷம் தவறாமல் துணி வாங்க வந்தவர்களைக் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்க வைத்தேன். இந்த வருஷமும் ஒரு பள்ளிக்கூட டீச்சரையும் தபால்காரரையும் நிறுத்தி வைத்திருந்தேன். பீட்டில்ஸ் என்று நாலு பேர் கட்டடத்தின் கூரை மேல் ஏறிப் பாடினார்களாம், சத்தம் தாங்கவில்லை என்று போலீஸ் வந்ததாம், ஊர் பார்க்க அவர்கள் சேர்ந்து பாடியது அதுதான் கடைசியாம். பிறகு பில் காலின்ஸ் பிறந்த நாள் என்றார். பிறகு ஒரு பழைய ப்ளூஸ் கிடார்க்காரர் இறந்த நாள் என்றார். பிறகு தலைவலி மாத்திரை விளம்பரம் வந்துவிட்டது. பிறந்தவர் ஒருவர், இறந்தவர் ஒருவர், கூரையில் ஏறியவர்கள் நாலு பேர், உன்னைக் காணோம். நம் கார் ஷெட்டில் நீயும் உன் பாட்டுக் குழுவும் போட்ட சத்தத்துக்கும்தான் போலீஸ் வந்தது, அது மட்டும் சரித்திரம் இல்லையா? டீச்சர் மெதுவாக, வேற ஏதாவது நாளா இருக்கும்க்கா என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தானாக விட்டுப்போனது என்று அப்பா சொன்னார். அவருக்கு எல்லாமே தானாகத்தான் நடக்கும். எனக்கு முதலில் டமாரத்தின் மேல்தான் சந்தேகம். உங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்தானே, அவன் இப்போது அதே ரேடியோவில் ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறான் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். பில் காலின்ஸும் முதலில் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தவர்தானாம், அப்புறம் முன்னால் வந்து பாட ஆரம்பித்துவிட்டாராம், இதைக் கேட்டதும்தான் எனக்குப் பொறி தட்டியது. தட்டுகிறவர்களுக்குப் பாடுகிறவர்கள் மேல் எப்போதும் ஒரு கண். மறுநாளே டமாரத்தை மார்க்கெட்டில் மடக்கி, என் பொண்ணு பேர் எங்கடா போச்சு என்று கேட்டேன். அவன் வெங்காயத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், என்னை மட்டும் பார்க்கவில்லை. எனக்கு ஒண்ணும் தெரியாது ஆன்ட்டி, சார்கிட்டதான் கேக்கணும் என்றான். ஒன்றும் தெரியாதவன் அவ்வளவு வேகமாக நடக்க மாட்டான்.

சாரிடம் கேட்காமல் விடுவேனா. ரேடியோக்காரரின் துணியெல்லாம் நம் கடைக்குத்தான் வருகிறது, அன்றைக்கு அவருடைய ஐந்து சட்டையும் கோட்டும் என்னிடம் இருந்தன. ஒருவேளை போன மழைக்காலத்தில் அவர் கோட்டில் ஒரு பித்தான் தொலைந்ததை மனதில் வைத்துக்கொண்டு பழி வாங்குகிறாரோ என்றும் தோன்றியது, அது மெஷினில் போனதில்லை, வரும்போதே இல்லை, அதை நான் அன்றே சொன்னேன். சட்டைகளை மடித்து, சீட்டுக் குத்தி, உள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவர் வந்தார், மெஷின் ரிப்பேர் என்றேன். என் முதுகுக்குப் பின்னால் அது புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மறுபடி வந்தார், கரண்ட் இல்லை என்றேன், ரேடியோவில் அவர் குரலே பாடிக்கொண்டிருந்தது, அதாவது பதிவு செய்த நிகழ்ச்சி. மூன்றாம் தடவை வந்தபோது பனியன் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் விடவில்லை. பொண்ணு பேரைச் சொல்லுங்க, சட்டையைக் கொண்டுபோங்க என்றேன்.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். நான் எடுக்கலம்மா, உங்க பொண்ணுதான் எடுக்கச் சொன்னா என்றார். நீயே போன் செய்தாயாம். அந்த லிஸ்ட்ல இருக்கறவங்க பாதிப் பேர் செத்துப்போனவங்க, மீதிப் பேர் பிரிஞ்சுபோனவங்க, நான் இன்னும் பாடிக்கிட்டுதான் இருக்கேன் சார், என்னை ஏன் அதுல வச்சிருக்கீங்க என்று கேட்டாயாம். ஒரு ஹோட்டலில் வாரா வாரம் பாடுகிறாயாம், எல்லாம் நீயே கட்டின புதுப் பாட்டாம். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ஆயிரம் கேள்வி கேட்டு அதையும் ஒரு கேஸாக்கிடுவாங்க என்றாயாம். சட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்க மறந்துவிட்டேன், அவரே எண்ணி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார், நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது.

எனக்கு அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. கிடாரை யாருக்கோ கொடுத்துவிட்டேன், ஆபீசும் வீடுமாக இருக்கிறேன் என்றுதானே சொன்னாய், அதை மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பியிருக்கிறேன் பார். ஞாயிறு சாயங்காலம் கூப்பிட்டால் எடுக்க மாட்டாய், திங்கட்கிழமை தொண்டை கட்டியிருக்கும், குளிர் என்பாய். நான் யாரோ ஒரு பையன் என்று முடிவு கட்டி அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், இருந்தா நல்லதுதானே என்று அவர் பேப்பரைத் திருப்பினார். எத்தனையோ பேரின் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று துணியைத் தொட்டே சொல்கிறவள் நான், சொந்த மகள் என்ன செய்கிறாள் என்று ரேடியோக்காரர் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். உயிரோடு பாடிக்கொண்டிருக்கிறவளுக்கு வருஷா வருஷம் நினைவு நாள் கொண்டாடியிருக்கிறேன், அதுவும் டீச்சரையும் தபால்காரரையும் வைத்துக்கொண்டு. உனக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து எனக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. ரேடியோக்காரர் பேசிப் பிழைப்பவர், போட்டுக்கொள்ளச் சட்டை இல்லாத நிலையில் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டிருக்கலாம். உன்னை நிஜமாகவே மறந்துபோய், அதைச் சொல்லப் பயந்து இப்படி ஒரு கதை கட்டியிருக்கலாம். உன் அறைத் தோழியின் நம்பர் என்னிடம் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது, ஒரு நிமிஷத்தில் கறந்துவிடுவேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அப்பா பேப்பருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் போனைக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்துவிட்டேன். நீ பாடுகிறாய் என்று கேட்ட நிமிஷத்திலிருந்து மனசு ஒரு மாதிரி லேசாக இருக்கிறது கண்ணு, அதை நானே விசாரணை செய்து கெடுத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. எந்த ஹோட்டல், யார் யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம், திரும்பி எப்படி வருகிறாய், ஒன்றும் கேட்கவில்லை. அவர் சொன்னது நிஜமென்றால் உனக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல். பொய்யென்றால் மட்டும் தயவுசெய்து எனக்குச் சொல்லாதே.

எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு, எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன்னோடு. இனிமேல் ஞாயிறு சாயங்காலம் நான் கூப்பிட மாட்டேன். முடிந்ததும் ஐஸ் தண்ணீர் குடிக்காதே, வெந்நீர் குடி.

உன்னை நம்புகிற,
அம்மா