சுவரில் ஒட்டிய ஏப்ரல்

6.5.91, திங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது. ஓட்டின் மேல் பூனைகூட நிற்காமல் ஓடுகிறது. காலையில் போன கரண்ட் இன்னும் வரவில்லை.

இன்று தாம்பரத்தில் செக்கப். வாடகைக் காரில் பின்சீட்டில் படுத்தபடி போய், படுத்தபடி திரும்பினேன். வழியில் பார்த்தது: மரங்களின் தலை, கரண்ட் கம்பி, வானம். வேறு ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா சொன்னது: குழந்தை நன்றாக இருக்கிறது. தையலும் நன்றாக இருக்கிறது. இன்னும் ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாது. இனி எப்போதும் இடப்பக்கமாகத்தான் படுக்க வேண்டும்.

கர்ப்பப்பை வாயை இழுத்துத் தைத்திருக்கிறார்கள். முதல் இரண்டும் ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டதால் இந்த ஏற்பாடு. "வலி எடுத்தா ஒரு நிமிஷம் கூட வீட்ல வெச்சுப் பார்க்காதீங்க. தையலைப் பிரிச்சாத்தான் குழந்தை வர முடியும். இல்லேன்னா ரெண்டு உயிருக்கும் ஆபத்து" என்றார். அத்தை அதைத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார்.

படுத்தபடி எழுதினால் பேனாவில் மை இறங்குவதில்லை. இனி பென்சில்தான்.

8.5, புதன்

இடப்பக்கம் திரும்பினால் சுவர். கட்டில் போட வேறு இடம் இல்லை, அறை அவ்வளவுதான். ஜன்னல் முதுகுப்பக்கம்.

மண்சுவர். அதன்மேல் பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருப்பதுதான், கண்ணில் பட்டதே இல்லை. இப்போது அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. எல்லாம் 1975 ஏப்ரல் மாதத்துத் தாள்கள்.

அவரைக் கேட்டேன். "நான் எட்டாவது படிச்சினு இருந்தேன். வெடிப்புலேந்து தேளு வந்துனே இருக்கும். படப்பை டீக்கடைல ஒரு மாசத்துப் பேப்பர கட்டா குடுத்தாங்க. மைதா பசை காச்சி நானே ஒட்டினேன்."

"பாதி தலைகீழா இருக்கு."

"அப்போ நீ வந்து படிப்பேன்னு யாரு கண்டா?"

சிரித்தோம். பிறகு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

9.5

அந்த ஏப்ரலில் உலகம் இவ்வளவு ஓடியிருக்கிறது. வியட்நாமில் ஊர் ஊராக விழுகிறது. சிக்கிம் மக்கள் ராஜா வேண்டாம் என்று ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் ரஷ்யாவிலிருந்து மேலே போயிருக்கிறது. அதன் படம் என் மூக்குக்கு நேராக. மூலை மூலையாக ஒரு பெரிய பெட்டி மாதிரி. கம்போடியாவின் தலைநகரம் பிடிபட்டது. ஜனங்கள் தெருவில் நின்று வெள்ளைத் துணி ஆட்டினார்களாம். அதற்கு மேல் பக்கத்துத் தாள் மூடிவிட்டது. துணி ஆட்டியவர்கள் என்ன ஆனார்கள்?

எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. வாலாஜாபாத். அந்த மாதம்தான் கிணற்றில் குதிக்கக் கற்றேன். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு. காலையில் போனால் அம்மா கழியோடு வரும்வரை தண்ணீரில்தான். அந்தப் பெண் நானா? இங்கே ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஆள் கூப்பிட வேண்டும்.

11.5, சனி

பெட்பேன். அத்தைதான் வைக்கிறார், எடுக்கிறார், கழுவுகிறார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றுகிறது. எனக்கும் கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

ஆனால் வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஏழுல பொறந்தா கூட பொழச்சிக்கும். எட்டுல பொறந்தா தங்காதுன்னுவாங்க. இவளுக்கு இப்ப எட்டு."

மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்காமல் மோர் கரைத்து வைத்துவிட்டுப் போனார்.

13.5

கண்ணுக்கு நேராக ஒரு செய்தி. இதுவரை படிக்காமல் தாண்டிக்கொண்டிருந்தேன், இன்று படித்துவிட்டேன். சைகோனிலிருந்து அநாதைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய விமானம் விழுந்துவிட்டது. படமும் இருக்கிறது.

வலப்பக்கம் திரும்பக் கூடாது. கண்ணை மூடினாலும் படம் போகவில்லை. அவர் வந்ததும் அழுதுவிட்டேன்.

"மொதல்லியே சொல்ல வேண்டியதுதானே" என்று காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன்மேல் ஒட்டினார். தாமரை மேல் லட்சுமி. கீழே ஏதோ ஜவுளிக்கடைப் பெயர். கை சும்மா இருக்காமல் ஓரத்தைத் தடவித் தடவி அழுத்திக்கொண்டே இருந்தார். பயம் அவருக்கும்தான்.

14.5

பிரசார ஜீப் மூன்று கட்சிக்கும் மாறி மாறி. ஒரு கட்சிக்காரர் வாசலில் நின்று, "ஓட்டு அன்னிக்கு ஆட்டோ அனுப்பறோம்மா, மருமவள இட்டுனு வந்துடுங்க" என்றார். அத்தை: "அவ எழுந்திருக்கவே கூடாதுன்னு படுத்துனு கீறா, உன் ஆட்டோல குலுங்கினு வேற போவணுமா? போவியா!"

சிக்கிமில் ஒரு மலை கிராமத்துப் பெண்கூட நடந்து போய் ஓட்டுப் போட்டிருப்பாள்.

17.5, வெள்ளி

பெய்ரூட்டில் ஒரு பஸ்ஸைச் சுட்டார்கள் என்று சுவரில் சின்னதாக ஒரு பத்தி. விரல் நீளம் இல்லை. அவரிடம் படித்துக் காட்டினேன். "லெபனான்தானே? அந்த சண்ட போன வருஷம்தான் ஒரு வழியா ஓஞ்சுதுன்னு ரேடியோல கேட்டேன்" என்றார். விரல் நீளச் செய்தி, பதினைந்து வருஷம் ஓடியிருக்கிறது.

"வியட்நாம் சண்ட எப்படி முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ஏப்ரலோட பேப்பர் தீந்துபோச்சி."

கடைசித் தாளில் சைகோனில் ஒரு ஹெலிகாப்டர், சுற்றிலும் கூட்டம். மதிலேறிக் குதிக்கிறார்கள். எல்லோருக்கும் வெளியே போக வேண்டும்.

20.5

அத்தை ரேஷன் கடைக்குப் போன நேரம். வீட்டில் யாருமில்லை. இரண்டு காலையும் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன். சிமெண்டுத் தரை ஜில்லென்று இருந்தது. போதும் இந்தப் பிழைப்பு, எழுந்து வாசல்வரை நடந்துவிடலாம், போவது போகட்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். உள்ளே ஒரு உதை. காலை மேலே எடுத்துக்கொண்டேன்.

பாசமா, பயமா, தெரியவில்லை. இரண்டும் இல்லை, வெறும் களைப்பு என்றும் தோன்றுகிறது.

21.5, செவ்வாய்

அவருக்கு நைட் ஷிஃப்ட். "ஸ்ரீபெரும்புதூர்ல பெரிய கூட்டம் இன்னிக்கி. டெல்லிலேந்து தலைவர் வர்றார். கொஞ்சம் முன்னாடியே போயி எட்டிப் பாத்துட்டு கம்பெனிக்குப் போறேன்." சைக்கிளைத் துடைத்தார். வெள்ளைச் சட்டை. எனக்கும் போக ஆசை என்றேன். "அடுத்த தேர்தலுக்கு மூணு பேரா போலாம்" என்றார்.

முதுகில் லேசாகப் பிடிப்பு. படுத்தே கிடப்பதால்.

22.5, புதன் காலை

பால் வரவில்லை. பஸ் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா ஜன்னலில் வந்து நின்று சொன்னாள்: "நேத்து கூட்டத்துல குண்டு வெடிச்சிட்டுதாம். தலைவரு போயிட்டாராம். கூட நின்னுனு இருந்தவங்க நெறைய பேரு போயிட்டாங்களாம்."

ரேடியோவில் வீணை மட்டும்.

அவர் வரவில்லை. ஷிஃப்ட் விட்டு எவ்வளவோ நேரமாகிறது. அத்தை வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார்.

ரோட்டில் கல் போட்டிருக்கிறார்களாம், டயர் எரிகிறதாம். யாரும் வெளியே போக முடியாது.

முதுகுவலி முன்பக்கம் வருகிறது. விட்டு விட்டு. அத்தையிடம் சொல்ல வேண்டு

24.5, வெள்ளி. தாம்பரம், ஆஸ்பத்திரி

பென்சில் நர்ஸுடையது. டைரியை அத்தை மாற்றுப் புடவையோடு சுருட்டி எடுத்து வந்திருக்கிறார். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வலி என்றதும் அத்தை நேராக எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போனார். அக்காவின் வீட்டுக்காரர் டேவிட் அண்ணன் லாரி டிரைவர். ஜல்லி ஏற்றிய லாரி, பந்த் என்பதால் தெருமுனையில் நின்றது. அண்ணன் சொன்னது எனக்கே கேட்டது: "வண்டி என்னுது இல்லம்மா. கொளுத்திட்டானுங்கன்னா மொதலாளி என்னை உயிரோட வுடமாட்டான்."

அத்தை: "உள்ள வந்து அவ மூஞ்ச ஒரு தபா பாத்துட்டு சொல்லு, போதும்."

அண்ணன் வாசற்படியில் நின்று பார்த்தார். சாவியை எடுக்கப் போய்விட்டார்.

"கறுப்புக் கொடி கட்டினா வுடுவானுங்க" என்றார். வீட்டில் கறுப்புத் துணி ஏது? அத்தை கொடியில் காய்ந்த என் கறுப்பு உள்பாவாடையை உருவி, நாடாவைப் பிடுங்கி, ஒரு மூங்கில் கழியில் கட்டினார். அந்த வலியிலும் எனக்கு வெட்கம்.

லாரியின் முன்சீட்டில் அத்தை மடியில் தலை. எஞ்சின் மூடி காலைச் சுட்டது. பள்ளம் வரும்போதெல்லாம் அத்தை என் இடுப்புக்குக் கீழே தன் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கினார். அவர் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சாமி பெயர் என்று நினைத்தேன். மகன் பெயர்.

படப்பையில் நிறுத்திவிட்டார்கள். ரோட்டின் குறுக்கே பாறாங்கல். கழியோடு இளைஞர்கள். ஒருத்தன் பானெட்டில் ஓங்கி அடித்தான். "இன்னிக்கி வண்டி எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

அத்தை கதவைத் திறந்தார். "வவுத்துப் புள்ளக்காரி. உள்ள தையல் போட்டு கீது, பிரிக்கலன்னா ரெண்டும் செத்துடும். எம் புள்ள நேத்து அந்தக் கூட்டத்துக்குப் போனவன், இன்னும் வூட்டுக்கு வரல. வண்டிய கொளுத்தணும்னா கொளுத்துப்பா. நான் இவள தூக்கினு நடக்கறேன். நீ ஒரு கை புடி."

அவன் என்னைப் பார்த்தான். அழுது வீங்கிய கண், இருபது வயது இருக்கும். "கல்ல நவுத்துங்கடா" என்று கத்தினான். பிறகு அண்ணனிடம், "இன்னும் ரெண்டு எடத்துல மறிப்பானுங்க, நானும் வர்றேன்" என்று ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டான். தாம்பரம் வரைக்கும் தொங்கியபடி வந்தான். ஒவ்வோர் இடத்திலும் அவன்தான் கத்தி வழி வாங்கினான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவன், பேர் கேட்பதற்குள் போய்விட்டான்.

எங்கள் டாக்டரம்மாவால் வர முடியவில்லை. வீடு எங்கோ, வண்டி இல்லை. டியூட்டியில் இருந்த சின்ன டாக்டர்தான் தையலை வெட்டினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கர்ப்பப்பை வாய் கிழிந்திருக்கும் என்றார்.

பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அழுதது, ஆனால் பூனைக்குட்டி மாதிரி. எனக்குக் காட்டாமலே எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வராந்தாக் கடைசி அறையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம்.

அத்தை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருக்கிறாள் என்றேன். "அவங்க அப்பன் மூக்கு" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். அவரைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. இறந்தவர்கள் பட்டியல் பேப்பரில் வருகிறதாம். வார்டில் ஒருத்தி கையில் பேப்பர் இருக்கிறது. கேட்டு வாங்க எங்கள் இருவருக்கும் துணிவில்லை.

25.5, சனி

வந்துவிட்டார்!

வெள்ளைச் சட்டை மண் நிறம். முகத்தில் தாடி. அத்தை அவரை முதுகில் அறைந்தார், பிறகு கட்டிக்கொண்டார்.

கூட்டத்துக்கே போகவில்லையாம். கூட்டம் பார்க்க ஒருவர் லீவு போட்டதால், சைக்கிளை வைத்துவிட்டுப் போகலாம் என்று கேட்டுக்குள் நுழைந்ததுமே சூபர்வைசர் இவரை அந்த மெஷினில் நிறுத்திவிட்டாராம். "எனக்கு அவ்ளோ கோவம் அந்த ஆளு மேல" என்றார். குண்டு வெடித்ததும் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். போலீஸ் வந்து மூன்று நாள் ஒவ்வொருவராக விசாரித்தது. ஊர், அப்பா பேர், யாரைத் தெரியும். வெளியே விட்டதும் ஒரகடம் வழியாக வயல்காட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவில் பூட்டு. "பூட்டப் பாத்ததும் உக்காந்துட்டேன், வசந்தா" என்றார். எஸ்தர் அக்காதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

குழந்தையைப் பற்றிக் கேட்டோம். "இன்னும் எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளா பார்க்கணும்" என்கிறார் டாக்டர்.

மத்தியானம் நர்ஸ் வந்து, "எழுந்து வாம்மா, குழந்தையைப் பார்க்கலாம்" என்றாள். எழுந்து வா என்று ஒருத்தர் சொல்லி எத்தனை மாதம்!

கட்டிலைப் பிடித்து எழுந்து நின்றேன். அவர் தோளைக் கொடுக்க வந்தார். வேண்டாம் என்று வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நாலு அடி, நிற்பது. நாலு அடி, நிற்பது.

பெட்டியில் பக்கவாட்டில் வட்டமாக ஒரு துவாரம். கையை விடச் சொன்னாள். காலைத் தொட்டேன். என் விரலளவு கால். சூடாக இருந்தது. உதைத்தாள்.

"போதும்மா, போய்ப் படு" என்றாள் நர்ஸ்.

இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன் என்றேன்.