பிடிக்காதவர் பெயர் கேட்கும் கட்டம்

டீச்சர், இன்று காலை போனில் கல்வித் துறையின் படிவம் ஒன்று வந்தது. வகுப்பில் யாரோடு உட்காரப் பிடிக்கும், யாரோடு பிடிக்காது என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டுமாம். படித்ததுமே அலுப்பாகிவிட்டது. பக்கத்தில் உங்கள் நாற்காலியைப் பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது; அதில் இப்போது நோட்டுக் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள்.

எம்.எட். படிப்புக்காக ஆறாம் வகுப்பில் நான் இதே கேள்விகளைத் துண்டுச் சீட்டில் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? இராஜபாளையம் பஸ்ஸை விட்டு இறங்கி மூச்சு வாங்க வந்த நீங்கள், “பிடிச்சவுக பேர மட்டும் கேளுங்க டீச்சர். மத்தத கேட்டா, தோணாத பிள்ளைக்கும் தோணிரும்” என்றீர்கள். புத்தகத்தில் இரண்டும்தான் இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எவ்வளவு திமிர் எனக்கு!

செல்வியைப் பிடிக்கும் என்று ஒருவரும் எழுதவில்லை. பிடிக்காது என்று பதினெட்டுப் பேர். சீட்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆனால் என்ன எழுதினோம் என்று இடைவேளையில் பிள்ளைகளே சொல்லிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து செல்வி பள்ளிக்கு வரவில்லை.

யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று வட்டமும் அம்புக்குறியுமாக நான் வரைந்த படத்தில் அவள் ஓரமாகத் தனி வட்டம். நீங்கள் அதைத் தள்ளிவைத்தீர்கள். “சத்துணவு வரிசையில தெனமும் நிக்கேன்லா, பேச்சிதான் அவளுக்கு எடம் பிடிச்சு வைப்பா.” பேச்சியைக் கூப்பிட்டுக் கேட்டோம். “அவ பேர எழுதுனா என்னையும் சேத்துக்கிட மாட்டாக டீச்சர்” என்று அழுதாள்.

சனிக்கிழமை பேச்சியைக் கூட்டிக்கொண்டு வன்னியம்பட்டிக்கு, செல்வி வீட்டுக்குப் போனீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். செல்வி நம் இருவரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பேச்சிதான் சொன்னாள்: “ஏட்டி, திங்கக்கெழம தட்ட எடுத்துட்டு வா. நான் எடம் பிடிச்சு வைக்கேன்.”

திங்கட்கிழமை செல்வி வந்துவிட்டாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை. கேட்டுக்கொள்ளலாம் என்றே நாளைக் கடத்திவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

இன்று பிள்ளைகளிடம் பிடித்தவர் பெயரை மட்டும் கேட்டேன். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் போய் நின்று, யார் யாருக்கு இடம் பிடிக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டேன். மற்றக் கட்டத்தைக் காலியாக விட்டால் போன் ஏற்க மாட்டேன் என்கிறது. அதோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை டீச்சர். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் நேரே, பிடிக்காதவர் என்ற இடத்தில் என் பெயரையே போட்டு அனுப்பிவிட்டேன்.