வந்த எல்லாரும் இறங்குவினம்

அண்ணை,

இன்று காலை மைதானத்துக்குக் கோடு போட்டேன். வாளியில் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டதும் ஒரு சூட்டு வாசம் எழும்புமே, அது மூக்கில் ஏறியது. கோல் கம்பத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி நீங்கள் நிற்பீர்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அங்கே காவலாளியின் மாடு மட்டும் மேய்ந்துகொண்டிருந்தது.

வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருடம். செத்தவீட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். வன்னியில் மூன்று பாடசாலைகளில் உதைபந்தாட்டப் பயிற்றுநராக இருந்தவர், சண்டைக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிவந்தவர் என்று இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை அன்று சொல்லவில்லை.

நான் கணித ஆசிரியனாக எங்கள் கல்லூரிக்கு வந்தபோது மைதானத்தில் பாதிக்கு இன்னும் சிவப்பு நாடா கட்டியிருந்தது. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் ஒவ்வொரு அடியாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். பின்னேரமானால் நீங்கள் நாடாவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, "இன்னும் எவ்வளவு கிடக்கு?" என்று கேட்பீர்கள். நாடாவை அவிழ்த்த அன்று பெடியள் பந்தோடு பாய்ந்து வந்தார்கள். நீங்கள் பந்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் கோடு போட வேண்டும் என்றீர்கள்.

"முதல் நாள்தானே அண்ணை, சும்மா அடிக்கட்டும்" என்றேன்.

"கோடில்லாமல் ஓடினது போதும் தம்பி. இனி இதுக்குள்ள ஓடினாக் காணும் எண்டு அவங்களுக்குத் தெரியவேணும்."

அன்றைக்கே என்னை உங்கள் உதவிப் பயிற்றுநராக்கிவிட்டீர்கள். பந்தடியில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னதற்கு, கயிறு பிடிக்கத் தெரியுந்தானே என்று கேட்டீர்கள்.

உங்கள் முறை எல்லாமே எனக்குப் புதிதாக இருந்தது. மற்றப் பயிற்றுநர்கள் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பீர்கள். "மட்ச் தொடங்கினாப் பிறகு அது அவங்கட. நான் சொல்ல வேண்டியதை நேற்றே சொல்லியிருக்கவேணும்." இடைவேளையில் களைத்து வருகிறவர்களோடு பேசுவதற்கு முன், வாங்கில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி, "என்ன கண்டனியள்?" என்று கேட்பீர்கள். விளையாடாமல் இருந்தவன்தான் நன்றாகப் பார்த்திருப்பான் என்பது உங்கள் எண்ணம். ஒருமுறை அப்படி இருந்த ஒருவன், எதிரணிக் கோல் கீப்பர் இடது பக்கம் விழப் பயப்படுகிறான் என்று சொல்ல, அந்தப் பக்கமே அடித்து வென்றோம். அன்று நீங்கள் கோல் அடித்தவனை விட்டுவிட்டு அவனைத்தான் தட்டிக்கொடுத்தீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி இருந்தது. அந்த வருடம் பயிற்சிக்குத் தவறாமல் வந்தவன் எவனாக இருந்தாலும், போட்டிகள் முடிவதற்குள் ஒரு மட்சிலாவது இறங்க வேண்டும். கால் திறமோ இல்லையோ, அதைப் பற்றிக் கதையில்லை. "வந்த எல்லாரும் இறங்குவினம்." அதை நான் உங்கள் இரக்கக் குணம் என்று எடுத்துக்கொண்டேன். சின்ன மட்சுகளில் அதனால் தொந்தரவும் இருக்கவில்லை.

பிறகு வவுனியாவில் அந்த இறுதிப் போட்டி வந்தது. எங்கள் கல்லூரி மாகாண இறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை. மற்ற எல்லாரும் ஏற்கெனவே இறங்கிவிட்டார்கள். யோகராஜ் ஒருவன் மட்டும் மிச்சம். குளத்துக்கு அங்கால் இருக்கிற குடியேற்றத்துப் பெடியன், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. எட்டு மைல் சைக்கிள் மிதித்துப் பயிற்சிக்கு வருவான். டெங்குக் காய்ச்சலில் படுத்ததால் முதற்சுற்றுகளில் அவனை இறக்க முடியாமல் போய்விட்டது.

ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னுக்கு நின்றோம். இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. நீங்கள் எழும்பி, "யோகராஜ், ஆயத்தமாகு" என்றீர்கள். நான் எழும்பி உங்களுக்குக் குறுக்கே வந்தேன்.

"அண்ணை, இண்டைக்கு வேண்டாம்."

"பிறகு எண்டைக்கு?"

"கிண்ணம் கைக்குள்ள வந்திட்டுது. பெடியளை நினைச்சுப் பாருங்கோ."

"அவனும் பெடியன்தானே" என்றுவிட்டு நடுவரிடம் போனீர்கள்.

அவன் ஓடி உள்ளே போனபோது இருந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம். பாவம், ஓட்டம் போதவில்லை. அவர்களுடைய வேகமான பெடியன் ஒருவன் அவனை இரண்டு தடவை கடந்து போனான். இரண்டும் கோல். விசில் ஊதியதும் யோகராஜ் நின்ற இடத்திலேயே குந்திப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நீங்கள் மைதானம் முழுவதையும் குறுக்காக நடந்துபோய் அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலும் அவன் பக்கத்தில்தான் இருந்தீர்கள். நான் அதுவரை எப்போதும் உங்கள் பக்கத்தில் இருந்தவன். அன்று போய்ச் சாரதிக்குப் பின்னால் இருந்துகொண்டேன்.

அடுத்த கிழமை கூட்டம் வைத்தார்கள். பழைய மாணவர்கள், பெற்றோர், அதிபர் எல்லாரும் வந்திருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஒரு தோட்டக்காட்டுப் பெடியனுக்காகக் கிண்ணத்தைத் தூக்கிக் குடுத்திட்டார்" என்றார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. நீங்கள் எழும்பினீர்கள்.

"அவனுக்குப் பேர் யோகராஜ். ரெண்டு கோலும் நான் விட்டது. வேற ஏதும் கேக்கிறதெண்டால் என்னைக் கேளுங்கோ."

அவ்வளவுதான். ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டார்கள். "வந்தவன், இறங்கினான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். உங்களை மாற்ற வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி ஆசிரியர் அறையில் சுற்றவிட்டார்கள். அது என்னிடம் வந்தபோது பேனையும் என் கையிலேயே இருந்தது. தோற்ற கோபம் இன்னும் ஆறவில்லை. கையெழுத்து வைத்தேன். அடுத்த தலைமைப் பயிற்றுநர் நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அரைகுறையாகத் தெரியும், அண்ணை. உங்களிடமாவது அதைச் சொல்ல வேண்டும்.

விளையாட்டு அறைப் பூட்டின் திறப்பை என் கையில் தரும்போதும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை. "பெரிய வலையை எலி கடிச்சிருக்கு. தைச்சுப்போட்டுக் கட்டும்" என்றீர்கள். அடுத்த மாதமே பூநகரியில் ஒரு சின்னப் பாடசாலைக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போனீர்கள். பரந்தன் சந்தியில் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்பீர்கள். நான் மோட்டார் சைக்கிளில் கடக்கும்போது கை காட்டுவீர்கள். நிறுத்தி ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஒருநாளும் நிறுத்தவில்லை.

நான் வென்றேன். இரண்டு தடவை மாகாணக் கிண்ணம் எங்கள் கல்லூரிக்கு வந்தது. திறமான பதினொரு பேரைத் தெரிவுசெய்து, அவர்களையே ஒவ்வொரு மட்சிலும் ஓடவிட்டேன். யாராவது காயப்பட்டால்தான் வாங்கில் இருந்து ஒருவன் எழும்புவான். "சேர், நான்?" என்று கேட்கிறவர்களுக்கு "அடுத்த மட்ச்" என்பேன். டிலக்சன் என்று ஒருவன் இரண்டு வருடம் முழுக்க அந்தப் பதிலைக் கேட்டான்.

நடுவில் ஒருமுறை உங்கள் பூநகரிப் பெடியளைக் கூட்டிக்கொண்டு எங்கள் மைதானத்துக்கு வந்தீர்கள். ஐந்து கோலால் தோற்றீர்கள். கூட்டிவந்த அத்தனை பேரும் மாறி மாறி இறங்கினார்கள். பிறகு வேலியோரம் வட்டமாக இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டீர்கள். எங்கள் அணித்தலைவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்று, "சேர், வெண்டது அவையோ நாங்களோ?" என்று கேட்டான். நான் அவனை அதட்டினேன்.

உங்கள் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது என்று கேள்விப்பட்டு வவுனியா ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கட்டிலில் பாதி ஆளாகிக் கிடந்தீர்கள். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "வலை தைச்சனீரோ?" என்று. அதன் பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அண்ணை, அந்தக் கடிதத்தில நானும் கையெழுத்து வைச்சனான்."

"ஓம். உம்மட கையெழுத்து எனக்குத் தெரியாதே? அஞ்சு வருசம் வரவு இடாப்பில பாத்தனான்."

"பிறகேன் ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"கேட்டா நீர் பதில் சொல்லவேணும். உமக்குக் கஷ்டம்."

தாதி வந்து ஊசிக் குழாயைச் சரிபார்த்துவிட்டுப் போனார். பிறகு நீங்களாகவே ரமணனைப் பற்றிச் சொன்னீர்கள். அதற்கு முன் அந்தப் பெயரை உங்கள் வாயால் நான் கேட்டதில்லை.

சண்டையின் கடைசிக் காலத்துக்குச் சற்று முன்பு, முல்லைத்தீவுப் பக்கம் நீங்கள் பயிற்றுநராக இருந்த பாடசாலையில் படித்தவன். தமையனின் பழைய சட்டையில் தாயைக் கொண்டு இலக்கம் தைப்பித்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மட்சுக்கும் வருவான். "சேர், இண்டைக்கு?" என்பான். நீங்கள் "அடுத்த மட்ச்" என்பீர்கள். உங்களுக்கும் அப்போது வெல்ல வேண்டும் என்ற ஆசை. பிறகு இடம்பெயர்வு தொடங்கிப் பாடசாலை மூடப்பட்டது. அடுத்த மட்ச் வரவே இல்லை. கடற்கரையில், கடைசி மாதத்தில், அவன் இல்லாமல் போனான்.

"சண்டை முடிஞ்சு அகதி முகாமில, தண்ணி வரிசையில தாயைக் கண்டனான். அவா என்னட்ட வேற ஒண்டும் கேக்கேல்லை. 'சேர், என்ர பிள்ளை நல்லா விளையாடுவானே?' எண்டு மட்டும் கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நல்லா விளையாடுவான் அம்மா எண்டு சொன்னன்." நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். "நான் அவன் விளையாடி ஒருநாளும் பாக்கேல்லைத் தம்பி."

"இதை அந்தக் கூட்டத்தில சொல்லியிருந்தா ஒருத்தரும் உங்களை அசைச்சிருக்கமாட்டினமே அண்ணை" என்றேன்.

"என்ர வேலையைக் காப்பாத்தச் செத்த பிள்ளையைச் சாட்சிக்குக் கூப்பிடேலுமே?"

மூன்று மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். செத்தவீட்டுக்கு யோகராஜ் மன்னாரிலிருந்து வந்திருந்தான். அங்கே மேசன் வேலை. மனைவியையும் கூட்டிவந்திருந்தான். அந்த இறுதிப் போட்டி அவனுக்குள் ஒரு புண்ணாகக் கிடக்கும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். "இவவைக் கட்டின புதுசிலேயே சொல்லிட்டன் சேர், மாகாணப் பைனல்ல விளையாடினனான் எண்டு. ரெண்டு கோல் விட்டதையும் சேத்துத்தான் சொன்னனான்" என்றான். அன்று புல்லில் இருந்துகொண்டு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை. சைக்கிள் மிதிக்கிற எட்டு மைலும் எதிர்க்காத்தோ எண்டு கேட்டார். வீட்ட போகேக்கை மட்டும் எண்டன்."

உங்கள் எட்டாம் நாள் செலவு கழிந்த மறுநாள் நான் ஆனையிறவுக்குப் போனேன். டிலக்சன் அங்கே உப்பளத்தில் வேலை செய்கிறான். வெயிலில் உப்பைக் குவித்துக்கொண்டு நின்றவன் என்னைக் கண்டதும் செருப்பைத் தேடினான்.

"டிலக்சன், நீ ரெண்டு வருசம் வந்தனீ. நான் உன்னை ஒருநாளும் இறக்கேல்லை. அது என்ர பிழை."

சிரித்தான். "அது பழைய கதை சேர். விடுங்கோ."

மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன். அவன் பின்னால் ஓடி வந்தான்.

"சேர், ஒரு விசயம். நான் ரெண்டு மட்ச் விளையாடினனான் எண்டு அம்மாட்டச் சொல்லி வைச்சிருக்கிறன். அந்த ரெண்டு நாளும் வீட்ட போக முந்தி உடுப்பில மண் பூசிக்கொண்டு போனனான். அவாவை எங்கயும் கண்டாக் காட்டிக் குடுத்திடாதேங்கோ."

"மாட்டன்" என்றேன்.

அதற்குப் பிறகு யாருக்கும் நான் "அடுத்த மட்ச்" என்று சொன்னதில்லை. இந்த வருடம் பத்தொன்பது பேர் வந்தார்கள், பத்தொன்பது பேரும் இறங்கினார்கள். மாவட்ட அரையிறுதியில் தோற்றுப்போனோம். அதிபர் இரண்டு தரம் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். கூட்டமும் வைப்பார்கள் போலத்தான் இருக்கிறது. வைத்தால் உங்களைப் போல இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு உட்கார எனக்கு வருமோ தெரியாது.

கல்லூரிக்கும் டிலக்சனின் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அங்கேதான் இறங்கியிருப்பான். சைக்கிளைச் சாத்திவிட்டு, ஒருவரும் வரவில்லை என்று பார்த்து, வெள்ளை உடுப்பில் ஈர மண்ணை அள்ளிப் பூசியிருப்பான். நான் வீட்டுக்குப் போகிற வழியும் அதுதான் அண்ணை. தினமும் அந்த இடத்தில் மோட்டார் சைக்கிளை மெதுவாக்குகிறேன்.