அறைக்கு வெளியே ஓதிய பதிகம்

அன்புள்ள பாய்,

இன்று காலை மருத்துவமனைக்குப் புறப்பட மருமகன் வண்டிக் கதவைத் திறந்தார். நேற்றுப் புளி ஏற்றிய வண்டி. அந்தப் புதுப்புளி வாசத்தில் உங்களைக் கண்டேன். நீங்கள் மறைந்தபின் வரும் முதல் புளி இது.

ஆண்டுதோறும் ஜவ்வாது மலைக்குப் புளி வாங்க வருவீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். என் மகள் அடிவயிற்றைப் பிடித்தபடி முற்றத்தில் சாய்ந்தாள். வாயு என்றனர் வீட்டார். "வாயுக்கு மூஞ்சி இப்டியா வெளுக்கும்?" என்று மூட்டைகளை இறக்கிப் போட்டு, அவளைக் கிடத்தி, காவலூர் மலைப்பாதை வளைவுகளில் வண்டியை ஓட்டினீர்கள்.

மருத்துவமனையில் அவள் தலைமாட்டில் நின்று பதிகம் ஓதினேன். "நாள் தள்ளிப்போயிருக்காம்மா?" என்று மருத்துவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, இல்லையெனத் தலையசைத்தாள். மூன்று மாதம் நிறையும்வரை எங்கள் வீட்டில் கருவைப் பற்றிப் பேசுவதில்லை. தகப்பன் முன்னிலையில் ஒருபோதும் இல்லை. நான்கு பெண்களைப் பெற்ற நீங்கள் அந்தப் பார்வையை அறிந்துகொண்டீர்கள்.

"இன்னா சாமி, வெளிய வந்து பாடுங்க. மேல இருக்கறவருக்கு அங்கேருந்தும் கேக்கும்."

கையைப் பற்றி இழுத்து வந்தீர்கள். எனக்குச் சினம். கதவு மூடியதும் மகள் உள்ளதைச் சொன்னாள். ஸ்கேன் எடுத்தார்கள்.

"கரு கர்ப்பப்பைக்குப் போகாம குழாய்லயே தங்கிடுச்சுங்கய்யா. உள்ள ரத்தம் கசியுது."

"அதை எடுத்து, இருக்க வேண்டிய இடத்துல வைக்க முடியாதாம்மா?"

"முடியாதுங்க. விட்டா உங்க பொண்ணு பிழைக்க மாட்டாங்க."

ஒவ்வோர் உயிருக்கும் இறைவன் இடம் வகுத்தான் என்று ஓதி வளர்ந்தவன் நான். இடம் தப்பிய உயிருக்கு ஓத ஒரு பாடலும் நாவில் எழவில்லை. மகளே சொன்னாள்: "செய்ங்க டாக்டர்." அவளைக் காப்பதும் அவன் அருளே என்று நெஞ்சு தெளிந்தது.

வயிற்றைக் கிழிக்கவில்லை. மூன்று சிறு துளைகள், ஒன்றின்வழி கேமரா. அந்தக் குழாயை மட்டும் அகற்றினர். மற்றொன்று நலமாக இருப்பதாக மருத்துவர் உறுதி சொன்னார். அதுவரை வெளிப்பெஞ்சில் நீங்கள் ஜெபமணி உருட்ட, நான் ஓதினேன். "கொரலு ஏறுது சாமி, நர்சம்மா மொறைக்குது!"

இம்முறை நாள் தள்ளியதை மகளே என் முகம் பார்த்துச் சொன்னாள். கரு எங்கே தங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் இன்று அதே மருத்துவமனைக்குச் சென்றோம். அவளை அழைத்ததும், எவரும் சொல்லாமலே வெளியே வந்தேன். பெஞ்சில் உங்களுக்கு இடம் விட்டு அமர்ந்து, தணிந்த குரலில் ஓதினேன். பாதிப் பதிகத்தில் கதவைத் திறந்து மகள் வந்தாள்.

"கர்ப்பப்பையிலதாம்பா இருக்குது."

மீதியையும் ஓதி முடித்தேன், பாய். அங்கிருந்தும் கேட்டிருக்கும், உங்களுக்கும்.