தேதியில்லாத ஐந்து தாள்கள்

4.8.2008, திங்கள்
சேர்ந்துவிட்டேன். ஆய்வு மாணவி!

காலையில் பஸ் ஏறும்போது சுவேதா அழவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். அழுதிருந்தால் தேவலை. பஸ் சிதம்பரம் போய்ச் சேரும்வரை அந்த முகம்தான்.

என் கைடு தேவநாதன் சார் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார், குழந்தை பெயர், வயது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் எல்லாம் விசாரித்தார். பிறகு ஐந்து வெள்ளைத் தாளை நகர்த்தினார். "கீழ கையெழுத்து மட்டும் போடும்மா. லீவ் லெட்டர், அது இதுன்னு அவசரத்துக்கு ஆவும். கடலூர்லேர்ந்து ஒவ்வொண்ணுக்கும் ஓடி வருவியா?"

போட்டேன். பழக்கத்தில் எல்லாவற்றிலும் கீழே தேதியும் போட்டுவிட்டேன். அப்பா பத்திரம் எழுதுகிறவர். தேதி இல்லாமல் கையெழுத்துப் போட்டால் கையிலேயே அடிப்பார். சார் சிரித்தார். "தேதி எதுக்கு? எப்ப தேவையோ அப்ப போட்டுக்கலாம்." வேறு ஐந்து தாள் கொடுத்தார். தேதி போடாமல் போட்டேன். அவற்றை ஒரு நீல ஃபைலில் வைத்தார்.

தேதி போட்ட ஐந்தும் வீணாகப் போகாமல் சுவேதா கிறுக்க எடுத்து வந்தேன்.

5.8.2008
அப்பாவிடம் போனில் பேசினேன். தாள் விஷயம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

19.8.2008, செவ்வாய்
எனக்கென்று ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப். உப்பனாற்றில் வலை போட்டு எடுத்துவரும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பிளாங்டன் உயிர்களைச் சொட்டுச் சொட்டாக எண்ண வேண்டும். மாதம் இரண்டு முறை, மூன்று வருடம். ஆறு எங்கள் ஊரில் ஓடுவது ஒரு வசதி.

டிராயரில் ஸ்லைடு பெட்டி கிடந்தது. மேலே 'பவானி' என்று ஒட்டியிருக்கிறது. சீனியர் செந்தமிழ்செல்வனிடம் கேட்டேன். "நின்னுட்டாங்க. ஃபேமிலி பிராப்ளம்" என்றார், தலையைத் தூக்காமல். லேப் பெருக்கும் முத்தம்மாள்தான் அவர் போனபிறகு கிட்ட வந்தாள். "லெட்டரு குடுத்துட்டு போச்சாம். அப்டித்தான் சொல்றாங்க. போறதுக்கு மொத நாளு, பத்து மணிக்கு வந்துடுவேன், டேபுள தொடச்சி வைங்கக்கான்னு சொல்லிட்டு போச்சு அந்தப் பொண்ணு."

11.10.2008, சனி
இன்று புஷ்பவள்ளி அண்ணி (என் வீட்டுக்காரரின் அக்கா, சுவேதாவைப் பார்த்துக்கொள்வது இவர்தான்) எல்லோர் முன்னாலும்: "தண்ணியில இருக்கிற பூச்சி தெரியுது உன் கண்ணுக்கு. இந்தப் பூச்சி ரெண்டு நாளா சாப்புடாம கெடக்கறது தெரியல."

வீட்டுக்காரர் மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையைத் தேடினார்.

மூன்று வருடம். முடித்தால் காலேஜில் வேலை. முடிக்காவிட்டால் இந்தப் பேச்சு ஆயுசுக்கும்.

28.11.2008, வெள்ளி
நான்கு நாளாக மழை. பஸ் இல்லை. சாருக்குப் போன் செய்தேன். "பரவால்லம்மா, லீவ் லெட்டர் நானே போட்டுக்கறேன்." ஒரு தாள் போயிற்று. மீதி நான்கு.

16.2.2009, திங்கள்
வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், தோளில் என் சாம்பிள் பாட்டில் பையைப் பார்த்துவிட்டு ஒருத்தி கிட்டே வந்தாள். என் வயதுதான். கையில் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு. "தேவநாதன் சார் ஸ்டூடண்டா? ஜன்னலோரம், கால் ஆடுற டேபிளா?" ஆமாம் என்றேன். "நான் பவானி."

பெண்ணாடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாளாம்.

"எத்தன தாள் போட்டீங்க?" என்றாள். அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்கவில்லை.

"அஞ்சு."

"எனக்கும் அஞ்சு. என் ரீடிங்ஸ செல்வனுக்கு குடுன்னாரு. முடியாதுன்னேன். அடுத்த வாரமே வீட்டுக்குத் தபால் வருதுங்க, குடும்பச் சூழ்நிலையால் விலகும் தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டதுன்னு. ஆபீஸ்ல போயி சண்ட போட்டேன். லெட்டர எடுத்துக் காட்னாங்க. கையெழுத்து என்னுது. என்னுதேதான். நான் என்னன்னு சொல்றது?"

பெண்ணாடம் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டு ஜன்னல் வழியாக, "கவுண்ட் எழுதுற ரிஜிஸ்டர ஜெராக்ஸ் எடுத்து வைங்க" என்றாள். எடுத்து என்ன செய்ய? அவளிடமும் இருந்ததாமே ஜெராக்ஸ்.

17.2.2009
வீட்டில் அவரிடம் சொன்னேன். "திருப்பி கேட்டு வாங்கிடு" என்றார், உப்பு வாங்கி வா என்பதுபோல. எப்டி கேக்கறது மாமா? என்னன்னு கேக்கறது?

20.2.2009, வெள்ளி
கேட்டேன். சார் கோபப்படவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "யாரையாவது பார்த்தியாம்மா?" என்றார்.

"இல்ல சார். சும்மா..."

"நம்பிக்கை இல்லாம ரிசர்ச் பண்ண முடியாதும்மா."

வெளியே வந்துவிட்டேன். நான்கும் உள்ளேயே இருக்கின்றன.

6.7.2009, திங்கள்
வந்துவிட்டது.

"செல்வன் தீசிஸ் சப்மிட் பண்ணணும். உன் பத்து மாச கவுண்ட் அவனுக்கு வேணும். நீ திரும்ப எடுத்துக்கலாம், ஆறு எங்க ஓடிடப் போவுது?" நீல ஃபைல் மேசைமேல், அவர் முழங்கைக்குக் கீழே. அதுவரை அது அலமாரியில்தான் இருக்கும். "சுவேதா எப்படி இருக்கா? சின்னக் குழந்தைய விட்டுட்டு வர்றது கஷ்டம்தான். யாருக்கும் புரியும்."

சுவேதா பெயரை நான் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். பத்து மாதம். இருபது சாம்பிள். கழுத்து வலியோடு எண்ணியது. கொடுத்தால்? ஒரு வருடம் போகும். கொடுக்காவிட்டால் எல்லாமே போகும். அண்ணி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வருவார்.

8.7.2009, புதன்
குடுத்துட்டேன்.

22.1.2010
செல்வனுக்கு வைவா முடிந்தது. நான்தான் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். நூற்றுப்பதினான்காம் பக்க அட்டவணை என்னுடையது. ஒரு தப்பும் இல்லாமல் டைப் செய்திருக்கிறார்கள்.

15.3.2010
பஸ் ஸ்டாண்டில் பவானியைப் பார்த்தேன். கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டேன்.

2.8.2010, திங்கள்
புதுப் பெண் சேர்ந்திருக்கிறாள். மாலதி, மேல்பட்டாம்பாக்கம். லூர்துசாமி வாத்தியாரின் மகள். அப்பா வாசல்வரை வந்து விட்டுப் போனார். செல்வன் போனபின் சீனியர் நான்தானே. சார் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட அஞ்சு கையெழுத்து வாங்கிடும்மா" என்றார். தாளையும் அவரே எண்ணிக் கொடுத்தார்.

என் மேசையில் வைத்துத்தான் போட்டாள். முதல் தாளில் அழகாகத் தமிழில் கையெழுத்து. கீழே 2.8 வரை எழுதிவிட்டாள்.

"தேதி வேணாம்மா."

"ஏங்க்கா?"

"எப்ப தேவையோ அப்ப போட்டுக்கலாம்." இதைச் சொன்னது என் குரல்தான்.

"உங்களுக்கும் இப்படித்தானாக்கா?"

"ஆமா. அவசரத்துக்கு ஆவும்."

முத்தம்மாள் பெருக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மறுபடி பெருக்கினாள்.

கெட்டுப்போன தாளுக்குப் பதில் நானே ஒன்று எடுத்துக் கொடுத்தேன். சார் ஐந்தையும் நீல ஃபைலில் வைத்தார். அடியில் என்னுடையது தெரிந்தது.

கெட்டுப்போன தாளை வீட்டுக்கு எடுத்து வந்தேன், சுவேதா கிறுக்க. அவள் இப்போது எழுத்துக் கூட்டுகிறாள். "மா-ல-தி. யாரும்மா இது?"

"புதுசா சேந்த அக்கா."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேரு மட்டும்தான் இருக்கு. மேல ஒண்ணுமே எழுதலியா?"

இன்னும் எழுதலை என்றேன்.