காப்புக் கட்டிய ஊரில் பிரியாணி

அன்பு மகள் இலக்கியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, மாடு, போன வாரம் அது ஈன்ற கிடேரிக் கன்று எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்பது முறை, ஆனால் உன்னைத்தான் தினமும் ஏழு மணிக்கு டிவியில் பார்த்துவிடுகிறேனே, கழுத்தெலும்பு தெரிகிறது, ஒழுங்காகச் சாப்பிடு. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ மீட்டிங் என்று வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் அழுதுவிடுவேன். எழுதினால் அந்தத் தொந்தரவு இல்லை, நிதானமாகத் திட்டலாம்.

போன வெள்ளிக்கிழமை நம் ஊர்ப் பெண்கள் நாற்பத்து மூன்று பேர் திருவரங்குளம் ரோட்டில் உட்கார்ந்தோம். கல்குவாரிக்காரர்கள் கழிவு மண்ணைக் கொட்டி நம் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலை மூடிவிட்டார்கள், நாலு மனு கொடுத்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, மழைக்கு முன்னால் அதைத் தோண்டாவிட்டால் இந்த வருஷம் நடவு கிடையாது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலம் ஒரு டிவியில், ஆட்சிக்கு எதிராக ஆயிரக்கணக்கான பெண்கள் கொந்தளிப்பு என்றார்கள், நான் முந்தானையால் கண்ணைத் துடைப்பதை மூன்று தடவை காட்டி, கதறிய தாய் என்று பெயரும் வைத்தார்கள். குவாரி லாரி கிளப்பிய தூசி கண்ணில் விழுந்ததுக்கு எனக்கு இப்படி ஒரு பட்டம். மறுநாள் அப்பா இரண்டு பேப்பர் வாங்கிவந்தார், ஒன்றில் மூவாயிரம் பேர், இன்னொன்றில் பத்துப் பேர், கூட்டி இரண்டால் வகுத்தும் நாற்பத்து மூன்று வரவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். வாய்க்கால் படம் எதிலாவது இருக்கிறதா என்று பார்த்தேன், எதிலும் இல்லை.

அவர்களை விடு, அவர்களை நான் பெறவில்லை. உங்கள் டிவிக்கு வருகிறேன். வெளியூரிலிருந்து வேனில் ஏற்றிவந்த பெண்களாம், ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலமாம், பின்னணியில் எதிர்க்கட்சியின் சதியாம். அதை வாசித்தது நீ, தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு. நீங்கள் காட்டிய வேன் பள்ளிக்கூட வேன், மறியலில் மாட்டிக்கொண்டு நின்றது. பிரியாணிக்கு அந்தப் படம்கூட இல்லை. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி அன்றைக்கு ஆறாவது நாள். காப்புக் கட்டினால் அம்மன் பொங்கல் முடியும்வரை நம் ஊரில் எந்த வீட்டிலும் கவிச்சி கிடையாது, வெளியூர் போனவர்களும் பொழுது சாய்வதற்குள் வந்து சேரவேண்டும், இதெல்லாம் உனக்கு நான் சொல்லியா தெரியவேண்டும். டீக்கடை நாசர் பாய்கூட முட்டைப் போண்டா போடுவதை நிறுத்தி வைத்திருக்கிறார். மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு செவந்தி, அக்கா ஒங்களுக்கு லெக் பீஸ் வந்துச்சா, எனக்கு வெறும் சோறுதாங்க வந்துச்சு, ஒங்க மககிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நாசர் பாய் ஏழு மணியானால், நம்ம ஊருப் புள்ள வாசிக்குது, சத்தம் போடாம இருங்கப்பா என்று கடையையே அடக்கி வைப்பார் அல்லவா, இப்போது ஏழு மணிக்குப் பாட்டு சேனல் ஓடுகிறது. அப்பா கடைக்குள் நுழைந்தால் பாய் ரிமோட்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்கிறாராம். குடுமியான்மலையிலிருந்து உனக்கு ஒரு வரன் வந்தது. முன்பெல்லாம் பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்பார்கள், இவர்கள், பொண்ணு எந்தக் கட்சி டிவியிலங்க இருக்கு என்று கேட்டார்கள். செய்தி வாசிக்குதுங்க என்றார் அப்பா. அதாங்க, எந்தக் கட்சிச் செய்தி என்றார்கள். காபி குடிங்க என்று சொல்லியிருக்கிறார் அப்பா. நேற்று ஐந்தாவது மனுவைக் கொண்டுபோனோம், ஆபீஸில் எங்கள் எல்லோரிடமும் ஆதார் கேட்டார்கள், நீங்க வெளியூரு ஆளுகன்னு டிவியிலேயே சொல்லிட்டாங்களே என்று. நான் பிறந்து, வாக்கப்பட்டு, உன்னைப் பெற்ற ஊரில் நான் உள்ளூர்க்காரி என்று நிரூபித்துவிட்டு வந்தேன். வாய்க்கால் அப்படியே கிடக்கிறது.

எழுதிக் கொடுத்ததை வாசித்தேன், மாட்டேன் என்றால் வேலை போய்விடும் என்பாய். எனக்கும் அந்தப் பயம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே வாரம் செவ்வாய்க்கிழமை நீயே போன் செய்து, ஹாஸ்டல்ல இன்னைக்கு முட்டைக் குழம்பும்மா, ஊர்ல காப்புக் கட்டியிருக்குன்னு நான் தயிர்ச்சோறுதான் சாப்பிட்டேன் என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று நாள் கழித்து அதே வாயால் எங்களுக்குப் பிரியாணி கொடுத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஊர்க்கூட்டம். ஒங்க மகளுக்குமா தெரியாது என்று நாலு பேர் கேட்டார்கள். நான் எழுந்து, அம்மன் சன்னதிக்கு முன்னால் நின்று, காப்புக் கட்டினது அவளுக்குத் தெரியாது, நான்தான் சொல்ல மறந்துட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. அமுதவல்லி சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றார் நல்லதம்பி மாமா. அவர்கள் நம்பிவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. செவந்திகூட வந்து கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள், நான் தலையாட்டினேன். உங்கள் வேலை எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பொங்கல், லீவு போட்டு வந்து சேர். கேமராவும் மைக்கும் வேண்டாம், நீ மட்டும் வா, முதலில் வாய்க்காலைப் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு கோயிலுக்கு வந்து நடந்ததை உன் வாயால் சொல். கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, நீ வந்து வைப்பாய் என்று அப்பா காத்திருக்கிறார். தலைக்கு எண்ணெய் வை. நீ நன்றாக இருக்க வேண்டும், மாரியாத்தா உன்னைக் காப்பாற்றட்டும். நான் ஒரு தடவை காப்பாற்றிவிட்டேன், இரண்டாவது தடவை என்னால் ஆகாது.

உன்னைப் பெற்றவள்,
அமுதவல்லி
(உள்ளூர்)